முத்துலட்சுமி திருப்பி எடுத்துக்கொண்ட சோப்பு

மெல்லிய கம்பியை இரண்டு கைகளிலும் சுற்றி இழுத்துப் பிடித்து, முத்துலட்சுமி சோப்புப் பாளத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். கம்பி மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இறங்க வேண்டும். நடுவில் நின்றால் கட்டியின் ஓரம் பிய்ந்துவிடும். அதனால்தான் வாசலில் கார் வந்து நின்றபோதும், விஜயசங்கர் இறங்கி வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் அவள் திரும்பவில்லை. வேறு காரணமும் உண்டு. அவனைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

இலஞ்சியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் அவளுடைய சோப்புக்கூடம் இருந்தது. அவளும் தென்காசி ஜாஹிரா பீவியும் சேர்ந்து நடத்தினார்கள். முத்துலட்சுமிக்கு அறுபத்தொன்று நடந்தது. வயலில் நாற்று நட்டுப் பிழைத்த வீட்டில் பிறந்து, ஆறு மாதம் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி எடுத்து, முப்பது வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைக் குளிப்பாட்டித் துடைத்துப் புரட்டிப் போட்டவள். சோப்புக்கு வந்ததும் அதனால்தான். கடைச் சோப்புப் போட்டுத் துடைத்தால் கிழடுகளின் தோல் வரிவரியாக வெடித்தது. வீட்டுக்காரர்கள் மேலும் வாசனையான சோப்பாக வாங்கிக்கொடுத்தார்கள். தோல் மேலும் வெடித்தது. இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வாங்கித் தானே காய்ச்சக் கற்றுக்கொண்டாள். இப்போதும் தினமும் காலையில் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு நோயாளியைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் கொட்டகைக்கு வருவாள்.

விஜயசங்கரின் அப்பா வல்லிநாயகமும் அவள் பார்த்த நோயாளிதான். தோப்பும் துரவும் உள்ள பழைய குடும்பம். பக்கவாதத்தில் விழுந்த மனிதருக்கு முதுகில் புண் வந்துவிட்டது. மெத்தை கெட்டுவிடக்கூடாது என்று மகன் அவருக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பை இறுக்கிப் போட்டிருந்தான். வேர்வை போக வழியில்லை. முத்துலட்சுமி அதை உருவி முற்றத்தில் எறிந்தாள். எறிந்தது மட்டுமல்ல, பார்க்க வந்திருந்த உறவுக்காரர்கள் பத்துப் பேர் முன்னால், இந்த மெத்தை பிழைத்துக்கொண்டது, ஆள்தான் அழுகுகிறான் என்றும் சொன்னாள். வல்லிநாயகம் போய் எட்டு வருடமாகிறது. மகன் அந்தச் சொல்லை மன்னிக்கவில்லை. அவள் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

அந்த விஜயசங்கர் இப்போது தென்காசியில் ஒரு நிவாரண அறக்கட்டளைக்குப் பொருள் வாங்கும் அதிகாரி. வெள்ளமோ தீயோ எது வந்தாலும் வாளி, குவளை, துண்டு, சோப்பு என்று ஒரு பெட்டி கட்டிக் குடும்பத்துக்கு ஒன்றாக அனுப்புவார்கள். இத்தனை காலமும் எல்லாம் தூரத்து ஊர் மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து லாரியில் வந்தது. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், உறைகள் இன்னொரு உறைக்குள். முகாம் முடிந்ததும் அந்தக் குப்பை அங்கேயே ஓடையை அடைத்துக்கொண்டு கிடக்கும். இந்த வருடம் பணம் கொடுப்பவர்கள் ஒரு விதி போட்டுவிட்டார்கள்: ஐம்பது கிலோமீட்டருக்குள் செய்பவர்களிடம் வாங்கு, பிளாஸ்டிக்கைக் குறை. ஐம்பது கிலோமீட்டருக்குள் முறையாகப் பதிவு செய்து தேங்காயெண்ணெய்ச் சோப்பு செய்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இவள்.

மலைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து மூன்று நாளாகியிருந்தது. மூவாயிரம் குடும்பம் பள்ளிக்கூடங்களில் கிடந்தது. வியாழக்கிழமை மத்தியானம் செங்கோட்டை வழியாக லாரி போகிறது, மூவாயிரம் கட்டி வேண்டும் என்றான் விஜயசங்கர். இதைச் சரியாகக் கொடுத்தால் ஒரு வருட ஆர்டர் அவளுக்கு எழுதப்படும் என்பதையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

முத்துலட்சுமி கம்பியைக் கீழே வைத்தாள். ஆயிரத்து எண்ணூறுதான் தர முடியும் என்றாள். ரேக் நிறைய அடுக்கி வைத்திருக்கிறாயே என்று அவன் கையை நீட்டிக் காட்டினான். அவை ஒன்பது நாள் கட்டிகள். சோப்பு ஆறு வாரம் காற்றில் ஆற வேண்டும். காஸ்டிக்கின் காரம் அடங்கி, ஈரம் போய், இறுக வேண்டும். சாரல் காலத்தில் அதற்கும் மேலே ஆகும்.

"மண்ணுக்குள்ள கெடந்து வந்தவனுக்கு சோப்பு ஆறியிருக்கா ஆறலையான்னா பாக்கத் தோணும்? ஏ முத்துலட்சுமி, நீ குடு. யாரும் கேக்கமாட்டாவ."

"கேக்கமாட்டாவ தம்பி. அதுக்குத்தான் தரமாட்டேங்கேன்."

ஊரில் எல்லாரும் அவனை சார் என்பார்கள். இவள் தம்பி என்பாள். பாசத்தில் அல்ல.

அவன் காரில் ஏறும்போது, மூவாயிரம் வராவிட்டால் பழைய வியாபாரிக்கு ஒரு போன் போதும் என்றான். உள்ளூரில் வாங்கினால் இப்படித்தான் என்று அறிக்கையும் எழுதிவிடுவானாம். எழுதக்கூடியவன்தான்.

அவன் போனபின் ஜாஹிரா பீவி பிடித்துக்கொண்டாள். தென்காசி ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து, கால் நரம்பு சுருண்டு, இந்தக் கூடத்தை நம்பி வந்தவள் அவள். வருட ஆர்டர் இல்லையென்றால் கார்த்திகை வரைகூடக் கூடம் தாங்காது என்பது இருவருக்குமே தெரியும்.

"அங்கன ஒண்ணுமே இல்லாம கெடக்காவ. கொஞ்சம் மெத்துன்னு இருந்தா என்ன, சோப்பு சோப்புதானக்கா? உங்களுக்கு அந்த ஆளை செயிக்கணும், அவ்வளவுதான்."

"ஏட்டி, நனைஞ்ச துணியோட நாலு நாள் இருந்தவ தொடையிடுக்கு எப்படி இருக்கும்னு நீ பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன். அதுல இதப் போடச் சொல்லுதியா?"

ஜாஹிரா அறுத்த கட்டிகளை எடுத்து ரேக்கில் அடுக்கப் போனாள். ஒத்துக்கொண்டாள் என்று முத்துலட்சுமி நினைத்தாள். முப்பது வருடம் மனிதர்களைப் பார்த்தவள் செய்யக்கூடாத தப்பு அது.

புதன்கிழமை காலை அவள் நோயாளி வீட்டிலிருந்து பத்து மணிக்கு வந்தபோது, புதிதாக அறுத்த கட்டிகளைத் தவிர ரேக்குகள் எல்லாம் காலியாக இருந்தன. அறக்கட்டளை வேன் வந்ததென்றும், மூவாயிரத்தையும் தானே எண்ணி ஏற்றிவிட்டதாகவும் ஜாஹிரா நிமிர்ந்து நின்று சொன்னாள். பயந்து சொல்லவில்லை. முத்துலட்சுமி குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அறக்கட்டளையின் சரக்குக் கிட்டங்கி குத்துக்கல்வலசையில், புது வீடுகளுக்கு நடுவே இருந்தது. உள்ளே போனவளுக்கு முதலில் கண்ணில் பட்டது மினுமினுப்பு. நான்கு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டியையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சூடு காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஏனென்று கேட்டாள். விஜயசங்கர் படிவத்தைக் காட்டினான். விதி மாறியிருந்தது, படிவம் மாறவில்லை. ஏழாவது வரி அப்படியே இருந்தது: ஒவ்வொரு சோப்பும் ஈரம் புகாத உறையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம் என்று உள்ளூரில் வாங்கி, வாங்கியதைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சுற்றிய கட்டிகளுக்குள் அதற்குள்ளாகவே வேர்த்திருந்தது. உறையின் உட்புறம் முழுக்க நீர்மணிகள். அவள் ஒன்றைப் பிய்த்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். வெண்ணெயில் பதிவதுபோல் விரல் பதிந்தது. நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். சுரீரென்றது. துப்பிவிட்டு அதை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"இந்தத் தாள உனக்கு அடையாளம் தெரியுதா தம்பி? ஒங்கப்பாவுக்கு அடியில போட்டிருந்தியே, அதே சங்கதிதான். உள்ள இருக்கது வேக்கும், வெளிய பாக்கவனுக்கு சுத்தமாத் தெரியும்."

"எங்கப்பாவ இழுத்தா இங்கன நிக்கமாட்ட நீ."

"நிக்கத்தான் போறேன். ஆறாத ஆயிரத்து இருநூறு என் சோப்பு. நான் தரல, நீ எடுத்துட்டு வந்திருக்க. அதக் குடு."

வேலை செய்த நால்வரும் கையை நிறுத்திவிட்டார்கள். விஜயசங்கர் குரலைத் தாழ்த்தினான். அவனுக்குக் கோபம் முற்றினால் குரல் இறங்கும், அப்பாவைப் போல. நாளைக் காலைக்குள் வேறு ஆயிரத்து இருநூறு கொண்டுவந்தால் இதை எடுத்துக்கொண்டு போகலாம் என்றான். இல்லையென்றால் மூவாயிரமும் இப்படியே ஏறும், அல்லது பழைய வியாபாரியின் லாரி வரும். எது நடந்தாலும் அவள் பெயர் கெட்டுப்போகும். அவள் கொண்டுவர மாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னான். இரண்டாவது சோப்புக்காரன் யார் என்பது அவனுக்கும் தெரியும்.

பலவேசம் பண்பொழியில் இருந்தான். இரண்டு வருடம் முத்துலட்சுமியிடம் வேலை பார்த்தவன். ஒருமுறை தேங்காயெண்ணெயில் பாமாயிலைக் கலந்துவிட்டான். அவள் அந்தப் பாளத்தைத் தெருவில் போட்டு உடைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காரணம் சொன்னாள். அவன் போய்த் தனியாக அடுப்பு மூட்டிக் குற்றாலக் கடைகளைப் பிடித்துக்கொண்டான். ஆனால் இந்தச் சீசனில் அவனுக்கும் அடி. மழை அதிகமாகி, அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். குளிக்க ஆளில்லாத குற்றாலத்தில் சோப்பை யார் வாங்குவார்கள்? கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அவளைக் கண்டதும் பலவேசம் நாற்காலி போடவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

"வாங்க ஆச்சி. வழி தப்பி வந்துட்டேளோ? இங்கன தெருவுல போட்டு ஒடைக்கக் கல்லு கெடையாது பாத்துக்கிடுங்க."

வந்த காரியத்தைச் சொன்னாள். கெஞ்சவில்லை. ஒன்றைக் கொண்டுவா என்றாள். கத்தியால் இரண்டாகப் பிளந்து நடுப்பகுதியை முகர்ந்தாள். நாக்கில் வைத்தாள். பிறகு முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து, ஒரு கையை மட்டும் ஏழெட்டு முறை கழுவி, ஈரம் காயும்வரை சும்மா இருந்து, கழுவிய கையின் தோல் வறண்டிருக்கிறதா என்று இரண்டு புறங்கைகளையும் ஒட்டிவைத்துப் பார்த்தாள். அரைமணி நேரம் ஆயிற்று. பலவேசம் வாசற்படியில் நின்று, கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று யாருக்கோ போனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சோப்பு நல்ல சோப்பு. சுத்தமான தேங்காயெண்ணெய், இரண்டு மாதம் ஆறியது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவன் இரண்டு நிபந்தனை வைத்தான். வருட ஆர்டரில் பாதி அவன் பேரில் வர வேண்டும். விஜயசங்கர் முன்னால் அவள் தன் வாயால் அவன் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதி ஆர்டர் என்றால் ஜாஹிராவும் அவளும் கால் வயிற்றுக்கு ஓட்ட வேண்டியிருக்கும். அவள் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் இறங்கியிருந்ததால் மலையில் பார்க்க ஒன்றுமில்லை.

அங்கேயே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஜயசங்கர் எடுத்ததும், பண்பொழி பலவேசத்திடமிருந்து ஆயிரத்து இருநூறு வருகிறது, வருட ஆர்டரை இரண்டு பேர் பேரில் எழுது என்றாள். இரண்டு பேர் என்றால் காகிதவேலை இரட்டிப்பு என்று அவன் முனகினான். ஒருத்திக்குச் சுகமில்லாவிட்டாலும் இன்னொருத்தன் தருவான், வெளியூர்க்காரனுக்கு போன் போட வேண்டியிருக்காது, இதையும் உன் அறிக்கையில் எழுதிக்கொள் என்றாள் அவள்.

"அவன் சரக்க நம்பலாமா? நீதான அவன ஊரெல்லாம் நாறடிச்ச?"

"சோப்பு நல்லாருக்கு. நான் சோதிச்சுப் பாத்துட்டேன்." பலவேசம் சிரிக்க ஆரம்பித்ததைப் பார்த்து அவள் சேர்த்துக்கொண்டாள். "ஏலே, சோப்பத்தான் சொன்னேன். உன்னச் சொல்லல."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் கிட்டங்கி வாசலில் நின்றாள். ஜாஹிரா பீவி அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். யார் வரச் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்து, ஆறிய கட்டி ஆயிரத்து எண்ணூறையும் பிரித்தெடுத்து ஒவ்வொன்றாகத் தாளை உரித்தார்கள். வேர்த்திருந்தவற்றைத் துணியால் ஒற்றி மின்விசிறிக்கு அடியில் வைத்தார்கள். எட்டு மணிக்குப் பலவேசத்தின் ஆட்டோ சாக்குகளோடு வந்தது. பழைய செய்தித்தாளில் ஐம்பது ஐம்பதாகப் பொட்டலம் கட்டி அட்டைப்பெட்டிகளில் அடுக்கினார்கள். ஏழாவது வரியை என்ன செய்வது என்று விஜயசங்கர் கேட்டான். அவளைக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டான். அந்த வரியை அடித்துவிடு என்றாள் முத்துலட்சுமி. அவன் மேலிடத்துக்கு இரண்டு போன் பேசிவிட்டுப் பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தான்.

உரித்த பிளாஸ்டிக் தாள் இடுப்பளவு குவிந்திருந்தது. முத்துலட்சுமி அதை இரண்டு சாக்கில் திணித்து அவனுடைய காரின் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். 

லாரி கிளம்புவதற்கு அவள் நிற்கவில்லை. ஆறாத ஆயிரத்து இருநூறையும் அறக்கட்டளை வேனிலேயே ஏற்றி இலஞ்சிக்குக் கொண்டுபோனாள். அவற்றின் தாளையும் உரித்து, மறுபடி ரேக்கில் வைக்க வேண்டியிருந்தது. ஜாஹிரா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இவள் வாங்கி, கட்டிக்குக் கட்டி ஒரு விரல் இடைவெளி விட்டு, காற்று வரும் பக்கம் பார்த்து அடுக்கினாள்.  கடைசி ரேக்கில் சாக்பீஸால் ஆறு வாரம் தள்ளிப் புதுத் தேதியை எழுதிவிட்டு முத்துலட்சுமி கை கழுவப் போனாள்.