பலேர்மோத் தவறணையில் முடியவேண்டிய நேர்த்தி

பலேர்மோ விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பஸ்ஸுக்கு ஆறரை யூரோ. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மொட்டை மலைகள். பாரிஸ் குளிரில் விறைத்துப்போய் வந்த எனக்கு அந்த வெயில் ஒன்றே போதும். புதன் பின்னேரம் போர்கோ வெக்கியோப் பகுதியில் அக்கா வீட்டு மூன்றாம் மாடிக்குப் பெட்டியோடு ஏறி முடிக்க மூச்சு வாங்கிவிட்டது. லிஃப்ட் இல்லையென்று முதலே சொல்லியிருக்கலாம், கள்ளி!

மறுநாள் அக்காவின் மகள் ஜெனிற்றா அரசறிவியலில் பட்டம் வாங்குகிறாள். அதற்குத்தான் வந்தேன். என்றாலும், பழைய பல்கலைக்கழக ஊர் என்றால் அங்குள்ள பழைய மதுச்சாலைகளைத் தேடிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். அதைச் சொன்னதும் அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தானுக்கு முன்னாலை தவறணைக் கதை கதையாதை!"

அத்தான் மன்னாரிலும் குடித்தார், இங்கே வந்தும் குடித்தார். ஜெனிற்றா முதலாம் வகுப்புப் படிக்கையில் ஒருநாள் அவளைக் கூட்டிவர மறந்து வெறியில் கிடந்தார். பிள்ளை பள்ளிக்கூட வாசலில் இருட்டும்வரை நின்றது. அடுத்த ஞாயிறு பெல்லெக்ரினோ மலைக்கு நடந்தே ஏறி, குகைக்கோயிலில் சாந்தா ரொசாலியா என்ற புனிதையிடம் நேர்த்தி வைத்தார்: மகள் படித்து முடிக்கும்வரை ஒரு சொட்டும் தொடமாட்டேன். இங்குள்ள தமிழர்கள், வேதக்காரரான கிறிஸ்தவரும் சைவக்காரரும், எதற்கும் அந்த அம்மாவிடம்தான் ஓடுவார்கள். அத்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

"நாளைக்குப் படிப்பு முடியுது. நேர்த்தியும் முடியுது. எனக்கு நெஞ்செல்லாம் பதறுது," என்றாள் அக்கா.

வியாழன் காலை அத்தான்தான் எனக்கு வழிகாட்டி. குவாத்ரோ கான்டி என்பது இரண்டு பெரிய வீதிகள் வெட்டும் சந்தி. நான்கு மூலைக் கட்டடங்களும் உள்வளைந்து நிற்கின்றன. கீழே நீர்த்தொட்டிகளோடு நான்கு பருவங்கள், நடுவில் ஸ்பானிய அரசர்கள், மேலே நகரத்தின் காவல் புனிதைகள். அருகே ஒரு பெரிய நீரூற்று, சுற்றிவர உடுப்பில்லாத சிலைகள். பக்கத்திலேயே கன்னியர் மடம்! ஊர்ச்சனம் அந்த இடத்துக்கு வெட்கச் சதுக்கம் என்றே பெயர் வைத்துவிட்டது.

"இஞ்சை அஞ்சு நிமிசம் காணும்," என்று நிலத்தைப் பார்த்தபடி அவசரப்படுத்தினார் அத்தான்.

வூச்சிரியாச் சந்தைப் பக்கம் திரும்பினோம். பீப்பாய்கள் அடுக்கிய பழைய தவறணை ஒன்று தெரிந்தது. மனிதர் சட்டென்று தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடந்தார். எனக்கு ஆசை பொங்கியது. வாயைக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

மதியம் கடந்து, பல்கலைக்கழகத்தின் மக்குவேடா வீதிப் பழைய கட்டடத்தில், பட்டத்துக்கான கடைசித் தேர்வாக, ஜெனிற்றா பேராசிரியர்கள் முன் பேசி முடித்தாள். அக்கா வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள்; இங்கே வீட்டுவேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு என்பதால் அவளும் வந்துவிட்டாள். தோழிகள் ஜெனிற்றாவின் தலையில் இலைக் கிரீடம் வைத்தார்கள். புரியாணிக்குப் போடும் அதே இலைதான். அத்தான் வெட்கமில்லாமல் விம்மி விம்மி அழுதார்.

"எல்லாரும் தவெர்னாவுக்குப் போறம். பப்பா, நீங்களும் வாங்கோ. நீங்கள் இல்லாமல் எனக்கென்ன கொண்டாட்டம்?"

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஓம் பிள்ளை, வாறன்," என்றார் அத்தான்.

வழியில் ஜெனிற்றா என்னோடு பின்தங்கி நடந்தாள். "சித்தி, பெரிய பட்டத்துக்கு இன்னும் ரெண்டு வருசம் படிக்கோணும். நான் இனிப் படிக்கேல்லை. நிலம் துடைச்சுத் துடைச்சு அம்மாவின்ரை முழங்கால் வீங்கிக் கிடக்கிறதைப் பாத்தனீங்களோ? வேலைக்குப் போகப்போறன். பப்பாட்டையும் சொல்லீட்டன். அவர் கேட்டிட்டு முன்னாலை நடக்கிறார்."

காலையில் கண்ட அதே தவறணை. கறுத்த மரப் பீப்பாய்கள், மாணவர் கூச்சல். இனிப்பு வைன் ஒரு கிளாஸ் இரண்டு யூரோ. பட்டதாரியின் தகப்பன் என்றதும் கடைக்காரர் விளிம்புவரை ஊற்றி, காசு வேண்டாமென்று அத்தான் முன்னால் தள்ளினார். அத்தான் கிளாசைக் கையில் எடுத்தார். அக்கா வாய்க்குள் செபம் சொல்லத் தொடங்கினாள்.

"பிள்ளை, நீ படிச்சு முடிக்குமட்டும் எண்டுதானே நான் நேர்த்தி வைச்சனான்?"

"ஓம் பப்பா."

"படிப்பு முடிஞ்சுதோ?"

"இனிப் படிக்கேல்லை எண்டு சொன்னனான்தானே."

"அப்ப குடிக்கட்டோ?"

கிளாஸ் உதட்டருகே போய்விட்டது. அட பாவி மனிசா, பெற்ற பிள்ளையை வெருட்ட இதுதானா கிடைத்தது! ஆனால் அவர் கண்ணை மூடி அந்த வாசத்தை உள்ளே இழுத்ததையும் கண்டேன். அது நடிப்பில்லை. ஆசை இன்னும் போகவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஜெனிற்றா தாயைப் பார்த்தாள்.

"என்ரை முழங்கால் இன்னும் ரெண்டு வருசம் தாங்கும்," என்றாள் அக்கா.

ஜெனிற்றா தகப்பனின் கையிலிருந்து கிளாசைப் பறித்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். இருமல் வந்தது, கிரீடம் சரிந்தது.

"ரெண்டு வருசம் மட்டுந்தான், பப்பா. அதுக்குப் பிறகு என்னை வெருட்டேலாது."

"பிறகு கலாநிதிப் படிப்பெண்டு ஒண்டு இருக்காமே," என்றார் அத்தான்.