பத்திரம் என்று சொன்ன பெட்டி

மர்ஜியெமின் குரலைக் கேட்காமல் பெதொக் ஆற்றில் யாரும் மண்வெட்டியைத் தூக்கியதில்லை. பாலத்துக்குக் கீழே, கரையோரக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து அது அரை மணிக்கொரு தரம் வரும். "ஆறு பத்திரம். வேலையைப் பாருங்க." அவ்வளவுதான். மணல் அள்ளுகிறவர்கள் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். அவள் மாஸ் என்று கூப்பிடும் கணவன் சர்விடியும் அங்கேதான் அள்ளினான். "வீட்டுல எனக்கு இவ்வளவு இனிப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லப்பா. ஆத்துக்குத்தான் சொல்றா!" என்பான். கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். 

மெராப்பி மலை வெடித்துக் கக்கியதெல்லாம் உச்சிச் சரிவில் குவிந்து கிடந்தது. அந்த மணலால்தான் கீழே இருந்தவர்களின் அடுப்பு எரிந்தது. அந்த மணலே அவர்களுக்கு எமனும். உச்சியில் மழை பிடித்தால் சாம்பல், மணல், பாறை எல்லாம் சேறாகிச் சேர்ந்து உருண்டு வரும். கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வரும். அதுதான் அதன் கெட்ட குணம். ஆற்றுக்குள் நிற்கிறவனுக்கு வானம் நீலமாகத்தான் தெரியும்.

மர்ஜியெமை ஊரே யூ ஜியெம் என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடும். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பு பாத்தாம் தீவில் ஒரு தொழிற்சாலையில் சிறு சிறு மின்பலகைகளுக்கு ஈயப் பற்று வைத்த கை அது. நடுங்காது. ஆனால் நாக்குக்குப் பொறுமை கிடையாது. பரிகாசம் இல்லாமல் அவளிடம் ஒரு ரீசார்ஜ் செய்துகொள்ள முடியாது.

மெமரி கார்டு விஷயத்தில் மட்டும் அவள் பரிகாசம் பேச மாட்டாள். போட்டோ அழிந்துவிட்டது, இடம் போதவில்லை என்று யார் கார்டைக் கொண்டுவந்தாலும் முதலில் அதை அப்படியே முழுசாக இன்னொரு கார்டில் நகல் எடுப்பாள். மூலக் கார்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பாள். அதற்குப் பிறகுதான் நகலில் கை வைப்பாள். குதிரையாட்டக் குழுத் தலைவன் ஒருவன் ஒரு நாள் கடைக்கு வந்து குதித்தான்.

"எதுக்கு யூ இவ்வளவு சடங்கு? நேரா அந்தக் கார்டுலயே பண்ணிக் குடுத்துட்டாப் போச்சு!"

"ஏன்டா, உன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு சட்டைதான் இருந்துச்சுன்னா, அதைப் போட்டுக்கிட்டேவா தைக்கச் சொல்லுவ? ஊசி உன் வயித்துலதான் குத்தும். உட்காரு, தேத்தண்ணி குடி."

இப்படிப்பட்டவளிடம்தான் ஆற்றின் எச்சரிக்கை மெஷினை ஊர் ஒப்படைத்திருந்தது. நகரத்திலிருந்து வந்த மாணவர்கள் அதை முகட்டுக் காவல் குடிலில் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளங்கையளவு கம்ப்யூட்டர்ப் பலகை. மேலே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டியிருந்தது. வெள்ளம் அந்தக் கம்பியை அறுத்தால் பலகைக்குத் தெரியும். உடனே கீழேயுள்ள கம்பங்களில் சங்கு அலறும். ஆற்றைப் படம் பிடித்துப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதன் வேலை. எல்லாம் ஒரு மெமரி கார்டில்.

சங்கு மாதக்கணக்கில் ஊதாமலே இருந்ததும் ஒரு தொல்லையானது. "பத்திரமா இருக்கா, இல்ல செத்துக் கெடக்கா? எப்படித் தெரியும்?" என்று ஆற்றில் நிற்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். ஐயா என்ற பொருளில் எல்லாரும் பாக் என்று கூப்பிடும் ஊர்த் தலைவர் தர்வோகோ ஒரு வழி கண்டுபிடித்தார். சூப்புக்குப் பறவைக்கூடு விற்கிறவர்கள் உழவாரக் குருவிகளை ஏமாற்றிக் கட்டடத்துக்குள் வரவழைக்கக் குருவிச் சத்தம் போடும் பெட்டி வைப்பார்கள். மூடிப்போன ஒரு குருவி வீட்டிலிருந்து அப்படி ஒரு பெட்டி வாங்கி வந்து கம்பத்தடியில் மாட்டினார். குருவிச் சத்தத்தை அழித்துவிட்டு மர்ஜியெமின் குரலைப் பதிந்தார்கள். அதற்குத் தனி பேட்டரி, தனிக் கடிகாரம். முகட்டு மெஷினுக்கும் அதற்கும் ஒரு கம்பிகூடத் தொடர்பில்லை. மெஷின் ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி பேசுகிறது என்று கீழே எல்லாரும் நம்பினார்கள். அப்படியில்லை என்று யாரும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு அது ஒரு தைரியம். மர்ஜியெமுக்கோ நாளாக நாளாக அந்தச் சத்தம் காதில் விழுவதே நின்றுபோயிற்று. தன் வீட்டுக் கடிகாரம் யாருக்குக் கேட்கிறது?

அந்த வருஷ மழையின் முதல் சேறு வந்தபோது சங்கு பிந்தி ஊதியது. வந்தது சின்ன வெள்ளம்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மர்ஜியெம் உடனே கடையைச் சாத்தினாள். முகட்டுக்கு ஏறிப் பார்த்தாள். கார்டு பெரியதுதான். ஆனால் மாணவர்கள் பதிந்து கொடுத்தபோது முன்பக்கத்தில் ஒரு சிறு பாகத்தை மட்டும் தடுத்து அதற்குள்ளேயே எல்லாவற்றையும் குடிவைத்திருந்தார்கள். பெரிய வீட்டில் வாசல் அறையை மட்டும் திறந்துவிட்டு மற்றதைப் பூட்டி வைத்த மாதிரி. அந்த அறை படங்களால் நிரம்பி வழிந்தது. எழுத இடமில்லாமல் மெஷின் திணறித் திணறி நின்றது. பழைய படங்கள் கொஞ்சத்தை அழித்து மூச்சு விட வைத்தாள். அது எத்தனை நாளைக்கு? தடுப்புச் சுவரைக் கடைசி வரை தள்ளிப்போட்டால்தான் நிரந்தரம்.

"கார்டைக் கழட்டாம அந்த வேலையைச் செய்ய முடியாதாம்மா?" என்றார் பாக் தர்வோகோ.

"ஓடுற பைக்குக்கு டயர் மாத்துவீங்களா பாக்? நீங்க ஓட்டுங்க, நான் மாத்துறேன்."

"சரி சரி, வாயைப் பாரு. எப்போ செய்யப் போற?"

"வர்ற வெள்ளி. அன்னைக்கு ஆத்துல ஈ காக்கா இருக்காது."

அது க்லிவோன் வெள்ளி, ஜாவா மக்களின் ஐந்து நாள் சுற்றில் க்லிவோன் நாளோடு சேர்ந்து வரும் வெள்ளி. அந்த நாளில் பெதொக்கில் எவனும் இறங்க மாட்டான். மலையில் குடியிருக்கும் ஆவிகள் ஆற்று வழியாக ஊர்வலம் போகிற நாள் என்பது அவர்கள் நம்பிக்கை. தர்வோகோ முகம் சுளித்தார்.

"கெட்ட நாள்ல காவல் மெஷினைப் பிரிக்கிறதா? எனக்கு மனசு ஒப்பலைம்மா. மறுநாள் வெச்சுக்கோ. நல்ல நாள்."

அவளுக்கு இந்த நாள் கிழமையில் எல்லாம் பெரிய பிடிப்பு இல்லை. ஆனாலும் பெரியவர் பேச்சைத் தட்டுவானேன் என்று தலையாட்டினாள். கெட்ட நாளில் செய்திருந்தால் ஆறு காலியாக இருந்திருக்கும். நல்ல நாள் பார்த்தார்கள். சனிக்கிழமை காலையில் பெதொக் நிறைய லாரி நின்றது.

கார்டைக் கழற்றும் முன் அவள் முகட்டிலிருந்து வாக்கி டாக்கியில் சொல்லத்தான் செய்தாள். "மெஷினை நிறுத்துறேன். நான் திரும்பச் சொல்ற வரைக்கும் ஆத்துல யாரும் நிக்காதீங்க. எல்லாரும் மேலே ஏறுங்க." ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னாள். மணல் பட்டால் கெட்டுப்போகும் என்று வாக்கி டாக்கியை லாரியில் வைத்துவிட்டு இறங்குவது அங்கே வழக்கம். டிரைவர்கள் சிலர் அதைக் கேட்டுக் கையைத் தட்டிக் கீழே கூவினார்கள். மர்ஜியெம் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கினாள். திரும்பிப் பார்த்தபோது உச்சி மேகத்துக்குள் இருந்தது. உச்சி மேகத்துக்குள் இல்லாத நாள் எது?

கடையின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். நடுவில் கரண்ட் போனால் கார்டு பாழாகும் என்பதால் லேப்டாப்பை முந்தின இரவே முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்திருந்தாள். கார்டை முழுசாக நகல் எடுத்தாள். அது முடிய ஒரு தேத்தண்ணியும் ஒரு துண்டு வறுத்த சோயா தெம்பேயும் ஆயிற்று. இனி மூலக் கார்டைக் கொண்டுபோய் மெஷினில் செருகிவிட்டு வந்து, நகலில் நிதானமாக வேலை செய்ய வேண்டும். அதுதான் அவள் சட்டம்.

பைக்கைப் பார்த்தாள். கிளட்ச் வயர் நார் நாராக நின்றது. முகட்டுப் பாதையில் இன்னொரு தரம் ஏறி இறங்கி, திரும்பவும் ஏற வேண்டும். சுவரைத் தள்ளுவது எவ்வளவு நேர வேலை? அதையும் முடித்துவிட்டு ஒரே நடையாகப் போய்விடலாம். எல்லாரும்தான் மேலே ஏறிவிட்டார்களே.

பத்து ஊர்க்காரர்களின் கல்யாணப் போட்டோவுக்கு மீறாத சட்டத்தை அன்றைக்கு மீறினாள்.

வேலை என்னவோ சுத்தமாகத்தான் நடந்தது. பாகத்தில் பழுது இருக்கிறதா என்று முதலில் சோதித்தாள். அதன் தொடக்கத்தை அசைக்கவில்லை. அசைத்தால் மெஷினுக்குத் தன் வாசலே தெரியாமல் போகும். முடிவை மட்டும் நகல் கார்டின் கடைசி வரை இழுத்தாள். மறுபடி சோதித்தாள். ஒரு படம்கூடச் சிதையவில்லை. சுவர் போய் வீடு முழுக்கத் திறந்துவிட்டது. சந்தோஷத்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, காலையில் கார்டைக் கழற்றும் முன் மெஷின் கடைசியாக எடுத்த படத்தைத் திறந்து பார்த்தாள்.

மேலாற்றுப் படம். காய்ந்து கிடக்க வேண்டிய பாறைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தபோதே மேலூரில் ஆபத்து என்று மூங்கிலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. விடாமல் தட்டினார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம், தரைக்குள்ளிருந்து வருவது மாதிரி. மேஜைமேல் இருந்த தேத்தண்ணிக் குவளை கிடுகிடுத்தது. ஷட்டரைத் தள்ளிக்கொண்டு பாலத்துக்கு ஓடினாள். ஆறு காலியாக இருக்கும் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள்.

ஆறு நிறைய ஆட்கள்.

"ஏறுங்க! ஏறுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அப்போதுதான் கம்பத்திலிருந்து அவள் குரல் அவளைவிடச் சத்தமாக, நிதானமாக, இனிமையாகச் சொல்லிற்று.

"ஆறு பத்திரம். வேலையைப் பாருங்க."

கீழே இருந்த சிலர் நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தார்கள். பிறகு கம்பத்தைப் பார்த்தார்கள். எதை நம்புவது என்று தெரியாமல் நின்றார்கள். கம்பத்துக்கு ஓடிப் பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். அதற்குள் வளைவில் சேறு தெரிந்துவிட்டது. பாறைகளை முன்னால் உருட்டிக்கொண்டு வந்தது. மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள். மஞ்சள் சட்டையில் சர்விடி தெரிந்தான், பக்கத்தில் அவன் கூட்டாளி பொனிமின். பிறகு இருவரும் தெரியவில்லை.

சாயங்காலம் சர்விடி வந்தான். இடுப்பு வரை சேறு. வேர் ஒன்றைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அழவில்லை. குளிக்கவும் போகவில்லை. முற்றத்தில் அப்படியே உட்கார்ந்தான்.

"பொனிமின் எங்கே மாஸ்?"

"அவன் மேலே ஏறிட்டான், ஜியெம்."

"அப்ப தப்பிச்சுட்டானா?"

"கேளு. காலையில டிரைவர் கத்துனான், யூ ஜியெம் ஏறச் சொல்றான்னு. பொனிமின் உடனே மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் பாதிக் கரை ஏறிட்டான். நானும் ஏறத்தான் போனேன். அப்பத்தான் நீ பேசுன."

"நான் பேசல, மாஸ்."

"நீதான் பேசுன. ஆறு பத்திரம்னு. பொனிமின் சொன்னான், என்னமோ காத்து சில்லுன்னு வருது, நான் போறேன்னு. நான் சிரிச்சேன். 'டேய், மெஷின் திரும்ப ஓட ஆரம்பிச்சுருச்சுடா, என் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா, இறங்கி வா'ன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். இந்தக் கையால."

சேறு காய்ந்த கையை நீட்டிக் காட்டினான். அவளால் அந்தக் கையைத் தொட முடியவில்லை.

பொனிமினை நெடுந்தூரம் கீழே ஒரு மதகில் கண்டெடுத்தார்கள். யாரும் மர்ஜியெமை ஒரு சொல் சொல்லவில்லை. அந்த ஊர் அப்படி. மலை கேட்டது, கொடுத்தோம் என்றார்கள். பொனிமின் வீட்டுப் பிரார்த்தனைச் சோற்றுக்கு அவளும் போய் வெங்காயம் உரித்தாள். பொனிமின் மனைவி துகினி அவளுக்கு உட்கார மணை எடுத்துப் போட்டாள். திட்டியிருந்தால், தலைமயிரைப் பிடித்து இழுத்திருந்தால், மர்ஜியெமுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

புதுக் கார்டு மெஷினில் இன்றும் குறையில்லாமல் ஓடுகிறது. இடம் தாராளமாக இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த வெள்ளத்துக்கெல்லாம் சங்கு சரியாக ஊதியது. கம்பத்தில் பெட்டி இல்லை. "ஏறி வாங்கன்னு சொல்ற மாதிரியாவது ஒண்ணு பதிஞ்சு குடும்மா" என்று பாக் தர்வோகோ கேட்டு வந்தார். அவள் கைகூப்பினாள். அவரும் வற்புறுத்தவில்லை. நாள் குறித்தவர் அவர்தான் என்பதை இருவருமே பேசிக்கொண்டதில்லை. கடையில் அவள் வாய் அடங்கிப்போயிற்று. யாராவது கார்டைக் கொண்டுவந்தால், "இது இல்லாதப்போ உங்க வீட்டுல என்ன நின்னுபோகும்?" என்று மட்டும் கேட்கிறாள். ரீசார்ஜுக்கு வந்த பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

சர்விடி இப்போது ஆற்றில் இறங்குவதில்லை. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி போட்டிருக்கிறான். மனைவியிடம் கோபம் என்று எதுவும் இல்லை. அவளை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. மத்தியானம் அவள் சமையலறை வாசலில் நின்று, "மாஸ், சோறு ஆறுது, வாங்க" என்று கூப்பிடுகிறாள்.

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முதலில் மலையைப் பார்க்கிறான். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான்.