சந்தனப் பொட்டு வைத்த போனோகிராஃப்

1. ஓடாத பெட்டி

பழைய பாட்டுப்பெட்டிகள் சேர்க்கிற பெங்களூர் டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார் என்று காதர் பாய் சொன்னது ஒரு வியாழக்கிழமை காலையில். டாக்டர் வாங்க வரும் பொருள் அப்போது எங்கள் கையில் இல்லை. சேரப்பணஞ்சேரியில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. ஓடவும் இல்லை. போதாக்குறைக்கு அந்த வீட்டுப் பெரியவர் ஒரு நிபந்தனை வேறு போட்டிருந்தார்.

இது இரண்டாயிரத்தைத் தாண்டி ஒன்றிரண்டு வருடங்களில் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹைவேயை ஒட்டிக் காதர் பாயின் பழம்பொருள் கடை இருந்தது. ஃபேக்டரிகள் வரவர, அக்கம்பக்கத்து ஊர்களில் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகை ரூம் கட்ட ஆரம்பித்தார்கள். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, தூண், ஊஞ்சல், சுவர்க் கடிகாரம் எல்லாம் எங்கள் கடைக்கு வரும். கம்பெனிகளின் வெளிநாட்டு அதிகாரிகள் ஆசையாக வாங்கிப்போவார்கள். அந்தக் கடையில் நான்தான் மெக்கானிக், நான்தான் மதிப்புப் போடுகிறவன், ஆள் வராத நாளில் நான்தான் சுமைதூக்கி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். என்னோடு தெற்கேயிருந்து வந்தவர்களெல்லாம் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போனார்கள். நான் ஓட்டை உடைசல்களோடு காலம் தள்ளினேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிராமபோன் வேறு, போனோகிராஃப் வேறு. கிராமபோனில் தட்டு சுற்றும். கடைகளில் பளபளக்கும் பித்தளைப் புனல் கிராமபோன்களில் முக்கால்வாசி நேற்றுச் செய்த டூப்ளிகேட். போனோகிராஃப் அதற்கு மூத்தது. அதில் தட்டுக்குப் பதில் டம்ளர் அளவுக்கு ஒரு மெழுகு உருளை சுற்றும். ஊசி இருக்கும் ஹெட்டை மாற்றிப் போட்டால் நாமே பேசிப் பதிவும் செய்யலாம். ஆனால் மெழுகு மெழுகுதான். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் ஊசி கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். கேட்கக் கேட்கக் குரல் தேயும்.

மதிப்புப் போடும்போது புனலில் வெல்டிங் இருக்கிறதா, நம்பர் தகட்டைப் பெயர்த்து மாட்டியிருக்கிறார்களா, சாவி அதனுடைய சாவிதானா என்று பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேல், பதிவு செய்கிற ஹெட் இருக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் அது எப்போதோ தொலைந்திருக்கும். சேரப்பணஞ்சேரிப் பெட்டியில் துணியில் சுற்றி அப்படியே இருந்தது. போனில் அதைச் சொன்னதும் டாக்டர் ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன் என்றாராம்.

2. பாய் போட்ட சட்டம்

கடையில் சேர்ந்த முதல் வாரமே பாய் எனக்கு ஒரு சட்டம் சொல்லியிருந்தார்.

"விக்கிறவங்க வூட்ல எதையும் ஓட்டிக் காட்டாத, சுப்பையா. ஓடாத வரைக்கும் அது சாமான். ஓடிச்சின்னா அவங்க நைனா, தாத்தா எல்லாம் எழுந்து வந்துடுவாங்க. அப்பறம் பொருள் நம்ம கைக்கு வராது."

கடிகாரத்தைக்கூடச் சாவி கொடுக்காமல்தான் தூக்கி வருவோம். ஒருமுறை வாலாஜாபாத் பக்கம் ஒரு வீட்டில் நான் அவசரப்பட்டு ஒரு கடிகாரத்தை ஓட்டிவிட்டேன். அது மணியடித்ததும் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், எங்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்து, வெறுங்கையோடு வழியனுப்பி வைத்தார். பாய் ஒரு மாதத்துக்கு அந்தக் காபியைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்தார்.

சேரப்பணஞ்சேரிப் பெரியவர் ஏகாம்பரத்தின் நிபந்தனை இந்தச் சட்டத்துக்கு நேர் எதிராக இருந்தது. பெட்டியை ரிப்பேர் செய்து அவர் எதிரில் ஒருமுறை ஓட்ட வேண்டும். பிறகு தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம்.

அவருடைய அப்பா மெட்ராசில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பட்லராக இருந்தவர். துரை கப்பலேறும்போது இந்தப் பெட்டியையும் ஒரு வெற்று உருளையையும் கொடுத்துவிட்டுப் போனாராம். பட்லர் ஊருக்குக் கொண்டுவந்து, மனைவியைப் பேச வைத்துப் பதிவு செய்திருக்கிறார். கொஞ்ச நாளிலேயே பெட்டியின் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. அடுத்த வருடம் மனைவியும் காய்ச்சலில் போய்விட்டார். ஏகாம்பரம் அப்போது தவழ்கிற குழந்தை. அந்த அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. "உங்கம்மா இதுக்குள்ள பேசிக்கினு கீறா" என்று அப்பா பெட்டியைக் காட்டிச் சொல்வாராம். ஏகாம்பரத்துக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தக் குரலை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஒரே ஒரு தபா கேட்டுக்கறேன் மேஸ்திரி," என்றார் என்னிடம். "அப்பறம் இது எங்க போனா எனக்கின்னா."

அவருடைய மகன் முருகேசன் ஒரகடத்தில் பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். வாடகை ரூம் கட்டச் செங்கல் வந்து வாசலில் இறங்கிவிட்டது. வீட்டைக் காலிசெய்யும் அவசரம் அவருக்கு. இருந்தாலும் அப்பாவின் பேச்சுக்குக் குறுக்கே பேசவில்லை.

நான் பாயிடம் வந்து நிலவரத்தைச் சொன்னேன். ஓட்டாவிட்டால் பெரியவர் தரமாட்டார். ஓட்டினால் அம்மாவின் குரலைக் கேட்டபிறகு நிச்சயம் தரமாட்டார். பாய் தாடியைத் தடவிக்கொண்டே யோசித்துவிட்டு, ஓட்டித் தொலை என்றார்.

3. ஆயுத பூஜை

பெட்டியைப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துப் பிரித்தேன். அறுந்த ஸ்பிரிங்கின் முனையைச் சூடுகாட்டிப் புதிதாகத் துளை போட்டு மாட்டினேன். பெல்ட்டுக்கு, படப்பையில் செருப்புத் தைக்கிறவரிடம் மெல்லிய தோல் வாங்கினேன். ஹெட்டுக்குள் இருந்த ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. அதற்குப் பதில் சைக்கிள் வால்வு ட்யூப் கச்சிதமாகப் பொருந்தியது. சனிக்கிழமை காலையில் பெட்டி வெறுமனே சுற்றத் தொடங்கியபோது எனக்கே பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் உருளை இருந்த டப்பாவைத் திறந்தேன். பஞ்சை விலக்கினேன். பழுப்பு மெழுகின் மேல் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். சுற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

"இத யாரு வச்சா அய்யா?"

"நான்தான். ஆயுத பூசைக்கு வருசா வருசம் வெப்பேன். கலப்ப, கடப்பாரைக்கெல்லாம் வெக்கறோம், எங்கம்மாவுக்கு வெக்காம இருக்க முடியுமா? அவளுக்குன்னு வேற இன்னா செஞ்சிட்டேன் நானு."

ஈரச் சந்தனம் பட்ட இடத்தில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை மெழுகைத் தின்னும். துடைத்தால் பொட்டோடு குரல் பதிந்த கோடும் சேர்ந்து வந்துவிடும். எங்கள் வீட்டிலும் தையல் மெஷினிலிருந்து சைக்கிள் வரைக்கும் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. அவர் செய்ததை நானும் செய்திருப்பேன். அம்மா மேல் வைத்த பாசத்தை வருடம் தவறாமல் அவள் குரலின் மேலேயே பூசியிருக்கிறார் மனிதர். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லி என்ன ஆகப்போகிறது? பழசு, எப்படிக் கேட்கும் என்று சொல்ல முடியாது, ஒரு தடவைக்குமேல் தாங்காது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

4. சனிக்கிழமை மத்தியானம்

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து முருகேசன் யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தார். பதிவு செய்துகொள்ளலாம் என்று டேப் ரெக்கார்டர் ஒன்றையும் எடுத்துவைத்தார். ஏகாம்பரம் குளித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு புனலுக்குப் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்தார். நான் சாவி கொடுத்து ஹெட்டை இறக்கினேன்.

முதலில் வாணலியைச் சுரண்டுவது போல ஒரு சத்தம். பிறகு ஓர் ஆண் குரல், "பேசு" என்றது. உடனே ஊசி பொட்டில் ஏறியது. டொக், டொக், டொக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் இடி. இடிகளுக்கு நடுவே ஒரு பெண் ஏதோ சொல்வது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று பிடிக்க முடியவில்லை. பாதி உருளை அப்படியே போய்விட்டது. பெரியவரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இன்னா சத்தம் அது?" என்றார் முருகேசன்.

பழைய மெழுகு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

பொட்டு தாண்டியதும் இடி நின்றது. சின்னப் பெண்ணின் குரல், கூச்சத்தோடு, பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. "இன்னா பேசறது, போ." அதன்பின் ஒரு சிரிப்பு. பெரியவரின் தோள் குலுங்கியது. அடுத்த வார்த்தைக்காக மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்போது பெட்டிக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"புள்ள எழுந்துகினான். நான் போறேன்" என்றாள் அவள்.

ஆண் குரல் ஏதோ சொல்லித் தடுத்தது. அதற்குமேல் அழுகை மட்டும்தான் கேட்டது.

"யாரு புள்ள அது?" என்றார் ஏகாம்பரம்.

"நீதான் நைனா," என்றார் முருகேசன்.

பெரியவர் புனலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அழாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு வார்த்த பேசியிருப்பா," என்றார்.

இனிக் கேட்க ஒன்றுமில்லை, மெழுகாவது மிஞ்சட்டும் என்று ஹெட்டைத் தூக்கக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குழந்தை விடாமல் அழுதது. கொஞ்ச நேரத்தில் அழுகை தணிந்து விசும்பலானது. பிறகு அதுவும் நின்று, சுரண்டல் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"தூக்கிட்டா," என்றார் ஏகாம்பரம்.

உருளை முடியும்வரை அவர் என் கையை விடவில்லை.

5. விற்பனை

டேப்பைப் போட்டுப் பார்த்தோம். டொக் டொக் சத்தமும் இரைச்சலும்தான் பதிவாகியிருந்தன. முருகேசனுக்கு வருத்தம். பெரியவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை ஓட்டச் சொல்லியும் கேட்கவில்லை. உருளையைப் பஞ்சில் சுற்றித் தன்னோடு வைத்துக்கொண்டார். பெட்டியைத் தானே துடைத்து, டெம்போவரை ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டார். பாயின் சட்டம் அந்த ஒரு வீட்டில் பலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். ஹெட்டையும் நம்பர் தகட்டையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார், மகிழ்ந்தார். உருளை எங்கே என்று கேட்டார். வீட்டில் பதிவு செய்த உருளை பெட்டியைவிட அபூர்வம், அது இல்லாமல் பேசிய விலைக்கு எப்படி எடுப்பது என்று முகத்தைச் சுளித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் லென்ஸை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேசிய விலையைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் பாய் என்னிடம், அந்தக் குழந்தை அழுகையை நிறுத்தியது நிஜமாகவே கேட்டதா என்று இரண்டு தடவை விசாரித்தார்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். என் அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. வாரம் ஒருநாள் எஸ்டிடி பூத்தில் நின்று அவளோடு பேசியிருக்கிறேன். அவள் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. சாப்பிட்டியா, எப்ப வாரே, உடம்பப் பாத்துக்கோ. சொன்ன குரல் மட்டும் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. அதற்காக எவ்வளவோ நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால், ஒரு வீட்டிலிருந்து பேசுகிற, பாடுகிற, மணியடிக்கிற எதை எடுத்தாலும், அந்த வீட்டு ஆட்களை உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு எடுங்கள். சில வீடுகளில் பொருளைத் தரமாட்டார்கள். காபியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.