இரண்டாவது டேங்கைப் பார்க்காத கம்ப்யூட்டர்

ஷியாமளாவுக்கு எங்கள் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் தொள்ளாயிரம் ரூபாய். கேட் திறந்துவிடும் காவல்காரருக்கு ஆயிரத்து நூறு. ஸ்டோரில் ஆணியும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அதற்கும் மேல். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே வயலை மூடிக் கட்டிய சின்னத் தொழிற்சாலை. பிளீச்சிங் பவுடர் செய்வோம். அதற்காக மூன்று டேங்குகளில் குளோரின் வாயு இருந்தது. மூச்சில் கொஞ்சம் ஏறினாலே ஆள் பிழைப்பது கஷ்டம். அதனால் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். டேங்கில் அழுத்தம் ஏறினால் அது மூன்றே நொடியில் வால்வை அடைத்துச் சங்கு ஊதும்.

அதற்குப் புரோகிராம் எழுதியவன் வெள்ளறடை ரெத்தினதாஸ். அவன் அப்பா பொன்னையன் எங்களிடமே சாக்கு தைத்துக் கட்டும் தொழிலாளி. நிலச்சீர்திருத்தச் சட்டத்தில் கிடைத்த பத்து சென்டில் மரச்சீனிக் கிழங்கு நட்டு மகனைப் படிக்கவைத்தவர். மகனின் சம்பளம் இரண்டாயிரம். கூட்டிக் கேட்டபோது மானேஜர் சிரித்தார்.

“நிழல்ல இருந்து கீபோர்டைத் தட்டுத வேலைக்கு இதே கூடுதலாக்கும்” என்றார். ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற ஜாதி.

தொண்ணூற்று மூன்றில் ரெத்தினதாஸுக்கு துபாயிலிருந்து விசா வந்தது. பெரிய கடையொன்றில் பில் போடும் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத வேண்டும். சம்பளம் பதினைந்தாயிரம். சோப்புக்கட்டியை எண்ணப் பதினைந்தாயிரம், மனுஷன் மூச்சைக் காக்க இரண்டாயிரம்! இந்த விலையை நிர்ணயித்தவன் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். போனவனை நான் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

அவன் இடத்துக்கு வந்தவள்தான் ஷியாமளா. தனுவச்சபுரத்தில் படித்தவள், படு சூட்டிகை. அவளுக்கு வேலை சொல்லிக்கொடுக்க அவனுக்குப் பத்து நாள் இருந்தது. அதில் பாதி விருந்துக்கும் பெட்டி வாங்கவும் போயிற்று. மீதியில் புரோகிராமை அச்சடித்த காகிதக் கட்டைக் கொடுத்து, “எல்லாம் இதுல உண்டு, படிச்சா தெரியும்” என்றான்.

அவள் படித்தாள். அவன் கிளம்புகிற அன்று காலையில்தான் அந்த வரி கண்ணில் பட்டது. இரண்டாவது டேங்கிலிருந்து எந்த எச்சரிக்கை வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லியது. காகிதத்தை எடுத்துக்கொண்டு வெள்ளறடைக்கு பஸ் ஏறினாள்.

வழியனுப்ப நானும் போயிருந்தேன். ஜெபம் முடிந்து, ரெத்தினதாஸ் முற்றத்தில் இறங்கி டாக்சியை நோக்கி நடந்துகொண்டிருந்தான். பக்கத்துச் சந்து வழியாக மூச்சிரைக்க வந்த ஷியாமளா, “அண்ணா” என்று வாயெடுத்தாள். அவன் அம்மா சாராம்மா பாய்ந்துவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

“பின்னால நிண்ணு விளிக்கப்பிடாது மக்கா! கடல் தாண்டிப் போறவனாக்கும்.”

எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் வேறு எதில் அடித்துக்கொண்டாலும், கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பதில் ஒரே கட்சி. ஷியாமளாவும் அப்படி வளர்ந்தவள்தானே, நின்றுவிட்டாள். டாக்சி போய்விட்டது. அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஆனாலும் நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மானேஜரிடம் சொன்னாள். “ரெத்தினதாஸ் போட்டதில நீ குற்றம் கண்டுபிடிக்கியா? தொடாதே. பிளான்ட் நிண்ணா உனக்கு வேலையில்ல” என்றார். அவள் துபாய்க்குக் கடிதம் எழுதினாள். பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் மழை விடவே இல்லை. தினமும் என் ஸ்டோர் ஜன்னலில் வந்து, “கடிதம் வந்துதா சேட்டா?” என்று கேட்பாள். சோறு இறங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

பதினெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு இரண்டாவது டேங்கில் அழுத்தம் ஏறிக் குழாய் விட்டுப்போனது. திரையில் எல்லாம் சரி என்றே காட்டியது. சங்கு ஊதவில்லை. காற்று ஆற்றுப்பக்கம் அடித்ததால் நாங்கள் தப்பினோம். பொன்னையன் தப்பவில்லை.

பதில் வெள்ளிக்கிழமை வந்தது. ‘மழை ஈரத்தில் அந்த டேங்கின் சென்சார் சும்மா சும்மா எச்சரிக்கும். பிளான்ட் நிற்கிறதென்று திட்டு விழுந்தது. புதியது வாங்கும்வரைக்கும் அந்த வரியைப் போட்டேன். தினம் காலையில் நானே போய் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொள்வேன். உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். கட்டாயம் நீ போய்ப் பார்’ என்று எழுதியிருந்தான். எழுதும்போது அப்பா உயிரோடு இருந்தார்.

அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஷியாமளா துக்கம் கேட்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். விசா புதிது என்பதால் மகனுக்கு வர வழியில்லை. சாராம்மா எங்களுக்குப் பாலில்லாத கட்டன்காப்பி கொடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மக்கா, அண்ணைக்கு நீ எம்மொவன்கிட்ட என்ன கேக்க வந்தே?”

ஷியாமளா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஒண்ணுமில்ல அம்மே. விலாசம் கேக்க வந்தேன்.”

“அவ்வளவுதானா? நான் தடுத்தது ஏதாவது கேடா ஆயிப்போச்சோண்ணு ஒறக்கமில்லாம கெடந்தேன்” என்று சாராம்மா கண்ணைத் துடைத்தாள். “வெளியில இருந்து சாக்கு கட்டும் வோய்ண்ணு எல்லாரும் சொல்லுவாவளாம். மனுஷன் கேக்கமாட்டாரு. எம்மொவன் எழுதின கம்ப்யூட்டர் காவலுக்கு இருக்கு, இதைவிட பத்திரமான எடம் ஏதுண்ணு சொல்லி, அந்த டேங்குக்க கிட்டயேதான் இருப்பாராம்.”