தேய்ந்த இடங்களை அச்செடுக்கும் அக்கா

நூலகத்துக்குள் போக வந்த மூன்று பேர் வாசலிலேயே நிற்கிறார்கள். அக்கா கதவின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருக்கிறார். விரல்களுக்கு இடையே இளஞ்சிவப்புப் பசை பிதுங்கியிருக்கிறது. "நாலு நிமிஷம்" என்று காத்திருப்பவர்களிடம் இந்த ஊர் மொழியில் சொல்லிவிட்டு, கைப்பிடியிடம் தமிழில் பேசுகிறார்: "அசையாம இரு. அவ்ளோதான், முடிஞ்சிருச்சு." பசை இறுகும்வரை கையை எடுக்க முடியாது. யாராவது கடிகாரத்தைப் பார்த்தால் அக்கா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு இதுவரை ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை.

கலைக் கல்லூரியின் முதுநிலை வகுப்பில் அக்காவும் நானும் ஒன்றாகப் படிக்கிறோம். இருவரும் கடல் தாண்டி வந்தவர்கள். எங்கள் வேலை அறையை ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்பு இரண்டாகப் பிரிக்கிறது. அது கூரைவரை போகாததால் பேச்சு தடையில்லாமல் இந்தப் பக்கம் வந்து விழும். என் பக்கம் ஓவியம். அவர் பக்கம் பிளாஸ்டர். அவருக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடம் பொய்ப்பல் செய்யும் லேபில் வேலை பார்த்தவர். பட்டம் கிடையாது, டிப்ளமோதான். செய்து காட்டிய பொருள்களைப் பார்த்துத்தான் இங்கே இடம் கொடுத்தார்கள். என் அம்மா போன் செய்தால் முதலில், "அந்தப் பல்லுக்கார அக்கா சாப்ட்டாங்களா?" என்றுதான் கேட்பாள். நான் சாப்பிட்டேனா என்பது அடுத்த கேள்வி.

லேபில் இருந்த காலம் முழுக்க அக்கா பல் செய்துகொடுத்த ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. "அச்சு வரும். அதுமேல ஒரு நம்பர் இருக்கும். யாரு வாயி, என்ன பேச்சு பேசுன வாயி, ஒண்ணும் தெரியாது. செஞ்சு அனுப்புவோம். திரும்பி வரலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்." இங்கே கண்காட்சிகளுக்கு விண்ணப்பித்துவிட்டு, பதிலே வராமல் நான் சோர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் இதையே சொல்வார். "திரும்பி வரலல்ல? அப்ப நல்லாத்தான் இருக்கு."

பல் தேய்ந்திருப்பதை வைத்து, அந்த ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாரா என்றெல்லாம் சொல்லிவிடுவாராம். அந்தக் கண்ணோடுதான் இந்தக் கட்டடத்தில் நடமாடுகிறார். மூன்றாவது படியின் விளிம்பு, குழாயில் கட்டைவிரல் படும் இடம், நாற்காலியின் கை. எங்கே மனிதக் கையோ காலோ பட்டுப் பட்டுக் குழிந்திருக்கிறதோ அங்கே பசையை அழுத்தி அச்செடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, அந்தக் குழிவை அப்படியே வார்த்தெடுப்பார். அவருடைய சிற்பங்கள் அவைதான். அலுவலகத்து மேசை இழுப்பறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத இழுக்கறவருக்கு இடது கைப் பழக்கம். கோவக்காரரு" என்றார். அந்த எழுத்தர் இடது கைக்காரர்தான். கோபத்தைப் பற்றி நாங்கள் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஊரில் அவர் கணவர் பஸ் மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகன் வீடியோவில் வந்து, "அம்மா, படிக்கட்டுக்கெல்லாம் மார்க் போடுவாங்களா?" என்று கேட்பான். "உன் கணக்குப் பேப்பருக்கே போடறாங்க" என்பார் அக்கா. என் படங்களையும் விட்டுவைப்பதில்லை. வரைந்ததை அழித்து அதன்மேல் வரைவது என் வியாதி. தடுப்புக்கு மேல் அவர் தலை தெரியும். "நேத்து பச்சை, இன்னைக்கு நீலம். துணி பாய் கணக்கா தடிச்சுப் போச்சு பாரு."

முதல் ஆண்டு முடிவில் ஒவ்வொருவரும் தங்கள் வேலைகளின் இருபது புகைப்படங்களைத் தொகுத்து அனுப்ப வேண்டும். ஆசிரியர் குழு அதைப் பார்த்துத்தான் இரண்டாம் ஆண்டு உண்டா இல்லையா என்று முடிவு செய்யும். இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அக்காவின் படங்களை நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: இரண்டு பக்கமும் சம தூரத்தில் இரண்டு விளக்கு, எங்கும் நிழல் விழக்கூடாது. அக்கா ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். நடுவில் ஒருமுறை, "ஏம்மா, இந்த வெளிச்சம்..." என்று ஆரம்பித்தார்.

"இப்படித்தான் எடுக்கணும்க்கா" என்றேன். அவர் அடுத்ததைத் துடைக்க ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவின் முழங்கால் மாத்திரையிலிருந்து தண்ணீர் இணைப்பு விண்ணப்பம்வரை என்னிடம்தான் கேட்பார்கள். நான் சொன்னால் பேச்சு முடிந்தது. தெரியாததற்கும் தெரிந்த முகத்தோடு பதில் சொல்ல எப்போது பழகினேன் என்று எனக்கே நினைவில்லை.

குழுவிலிருந்து கடிதம் வந்தது. இருபது வெள்ளை உருவங்கள் இருக்கின்றன, அவற்றில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை, ஒரு வாரத்துக்குள் மாற்றி அனுப்பலாம், அதற்கு மேல் அவகாசம் இல்லை. நான் படங்களைத் திறந்து பார்த்தேன். ஒரு குழிவுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓவியத்தை எடுப்பதுபோல் சிற்பத்தை எடுத்திருக்கிறேன். குழிவைக் காட்டுவது நிழல். அந்த நிழலைத்தான் நான் பாடுபட்டு ஒழித்திருக்கிறேன்.

தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்ச் சொன்னேன். அக்கா கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தார்.

"காலேஜ் போட்டோக்காரர்கிட்ட குடுத்துடலாம்க்கா. என்னாலதான் கெட்டுப்போச்சு."

"அச்சு சரியில்லன்னா திருப்பி எடுக்கச் சொல்லுவோம். அதுக்காக டாக்டரையா மாத்துவோம்?" கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "எனக்கு அன்னைக்கே வாய் வரைக்கும் வந்துச்சு. லேப்ல எப்பவும் ஒரு பக்க விளக்குதான். அப்பதான் மேடு பள்ளம் தெரியும். படிச்ச பொண்ணு சொல்லுது, நாம என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன். பாதித் தப்பு என்னுது."

"இல்லக்கா..."

"இரு. இனிமே நீ இப்படித்தான்னு சொன்னா நான் ஏன்னு கேப்பேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

திட்டுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். என்னை இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ ஒரு கை பிடித்து இறக்கியது மாதிரி இருந்தது.

மூன்று பிற்பகல்கள் எடுத்தோம். ஒரே விளக்கு, தாழ்வாக, பக்கவாட்டில்.

"ஏன் இவ்ளோ கீழ?"

"நிழல் நீளமா விழும்க்கா."

"ஏன் நீளமா விழணும்? பள்ளமே ரெண்டு மில்லிதான். கிணறு மாதிரி காட்டாத, பொய்யாயிரும்."

விளக்கை உயர்த்தினேன். கேமராத் திரையில் குழாய் வார்ப்பின் மேல் ஒரு கட்டைவிரலின் இடம் மெல்லத் தெளிந்து வந்தது. அக்கா குனிந்து பார்த்து, "ம், இந்த ஆளுதான்" என்றார், தெரிந்தவரைத் தெருவில் கண்டதுபோல.

குழு நேரில் அழைத்தது. அங்கே ஒரு விதி: படைத்தவர் இருபது நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது, மற்றவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். வேண்டியவர்கள் வாசலில் நின்று பார்க்கலாம். கதவுக் கைப்பிடியோடுகூடப் பேசுகிற அக்கா, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழுவில் மூத்தவர் மூன்றாவது படியின் படத்தைக் கையில் எடுத்தார். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், சாய்த்தால் அந்தக் குழிவின் அடி தெரியும் என்பதுபோல. தலைவர் தன் தாளில் ஏதோ குறித்துவிட்டு, இரண்டாம் ஆண்டு தொடரலாம் என்றார். அப்புறம், இந்தப் படங்களை எடுத்தது யார் என்று கேட்டார்.

அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துத் தரையில் வைத்தார். வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, காலியான அந்த இருக்கையை இரண்டு முறை தட்டினார்.