ஏழு நாள் கெடு

சங்கரபாண்டி குருவிகுளம் தடத்தில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். சங்கரன்கோவில் ஓரத்தில் புது வீடு கட்டியதும் அவர் மனைவி கோமதித்தாய் முற்றத்தில் ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்தாள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. இரண்டு கோடைக்குள் எல்லாம் கருகிப்போயின. பிறகுதான் அவர் பஸ் நிற்கிற இடங்களில் இறங்கி, காட்டோரத்து ஆவாரை விதையையும் நொச்சிக் குச்சியையும் மடியில் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். வரிசை பிடித்து நட்டார். எண்பத்திரண்டில் மழை பொய்த்துத் தெருவே காய்ந்து கிடந்தபோதும் அந்த முற்றம் மஞ்சளாகப் பூத்திருந்தது.

மறுவருஷம் நகராட்சி நோட்டீஸ் வந்தது. வீட்டு மனையில் புதர் இருக்கக் கூடாதாம். ஏழு நாளில் அழிக்காவிட்டால் ஆள் விட்டு வெட்டுவார்களாம்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு ஜெயசிங் வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்.

“நான்தான் அண்ணாச்சி எழுதிப் போட்டேன். போன மாசம் எங்க சுவரோரம் ஒரு விரியன் கெடந்துச்சு. சின்னப் புள்ளைக வெளையாடுற எடம். உங்ககிட்ட நேர்ல சொல்ல வாய் வரல.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா” என்றார் சங்கரபாண்டி. கோபம் இருந்தது. ஆனால் பாம்பு என்றதும் அவரும் சுவரோரம் போய்க் குனிந்து பார்த்தார்.

மறுநாள் லீவு போட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா செல்வமணி விதிப் புத்தகத்தைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“தானா மொளச்ச புதரத்தான வே அழிக்கச் சொல்லுது. நட்டு வளக்குத செடி இருக்கலாம். சாக்கடைக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் மூணடி விடணும், அடித்தூர் மறையாம கெளயக் கழிச்சு விடணும். ஒரு மனு எழுதிக் குடும். இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரு.”

மனுவைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு மூன்று நாள் வேலை. கோமதித்தாய் கீழ்க்கிளைகளைக் கழித்தாள். சுவரோரம் நின்ற நொச்சியை அடியோடு வெட்ட வேண்டியிருந்தது. சங்கரபாண்டியின் கை ஓடவில்லை. ஜெயசிங்தான் அரிவாளை வாங்கி வெட்டினார்.

ஏழாம் நாள் காலையில் இன்ஸ்பெக்டர் டேப் பிடித்து அளந்தார். குனிந்து ஒவ்வொரு தூரையும் பார்த்தார்.

“வரிசையா நிக்குதே. எல்லாம் நீங்க வச்சதா?”

“ஆமா சார். எதுவும் தானா வந்ததில்ல.”

“புகார் குடுத்தவரு எங்க?”

“இங்கனதான் நிக்கேன் சார். இப்ப பயமில்ல, இருக்கட்டும்” என்றார் ஜெயசிங்.

இன்ஸ்பெக்டர் நோட்டீஸின் பின்புறத்திலேயே, ‘நட்ட செடிகள். நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் சைக்கிள் தெருமுனையைத் தாண்டியதும் சங்கரபாண்டி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரமாகச் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துகொண்டிருந்தவர், அன்று பழைய சோறு இரண்டு கும்பா குடித்துவிட்டு, பத்தரை மணி டிரிப்புக்குக் கிளம்பினார்.