நூறு ரூபாய் பிங்கோ: கோடு போடுவது யார்?

கொமினிகேஷன் கடைக் கவுண்டரில் இருப்பவளுக்கு இரண்டு வேலை: வருகிறவர்களைச் சந்தேகப்படுவது, வருகிறவர்களிடம் சந்தேகம் வாங்கிக் கட்டிக்கொள்வது. டெலிபோன் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்பார்கள். போட்டோக் கொப்பியில் ஒரு தாள் குறைகிறது என்பார்கள். இப்படியொரு கவுண்டருக்குப் பின்னால் நீங்களும் உட்கார்ந்திருந்தால், நான் சொல்லப்போவது ஒன்றும் உங்களுக்குப் புதிதாக இராது.

எங்கள் கடை பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே. மூன்று கொம்பியூட்டர். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையொன்றில் வேலை. போன் மணி அடித்தால் போதும், எந்தச் சோதனைச் சாவடியில் மாட்டினாரோ என்றுதான் ஓடிப்போய் எடுப்பேன். ஒன்றரை வயது மகள் கவுண்டருக்குக் கீழே, போட்டோக் கொப்பித் தாள் வந்த அட்டைப்பெட்டிக்குள் விளையாடிக்கொண்டிருப்பாள். கைப்பிள்ளையோடு வரவிட்ட கடை இந்த ஊரில் இது ஒன்றுதான். இந்த வேலை போனால் அந்தப் பெட்டியும் போகும். அதனால் இதை மகள் தூங்கிய பிறகுதான் எழுதுகிறேன். பகலில் எழுதினால் முதலாளி, "யாருக்கு என்ன எழுதுற?" என்பார்.

லண்டன் கார்டு

பிங்கோவைக் கொண்டுவந்தது முதலாளிதான். கொன்வென்ட் கார்னிவலில் சிஸ்டர்மார் நடத்தின ஹவுஸி உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதுவும் தெரியும். கையில் நம்பர் அட்டை, மேடையிலிருந்து நம்பர் கூப்பிடுவார்கள், அட்டை முதலில் நிறைந்தவருக்குப் பரிசு. இங்கே மேடைக்குப் பதில் திரை, அவ்வளவுதான். முதலாளியின் தம்பி லண்டனில் இருக்கிறார். கணக்கு அவர் பேரில், காசு போவது அவருடைய கார்டில். ஆளுக்கு வாரம் நூறு ரூபாய். அதற்கு மேல் ஒரு சதமும் வாங்கக்கூடாது என்று சுவரில் நானே எழுதி ஒட்டினேன். வென்றால் முதலாளி ரூபாயாகக் கொடுப்பார்.

"இது சூதாட்டம் இல்லையா முதலாளி?" என்று பயந்து பயந்து கேட்டேன். அவர் சாம்பிராணித் தட்டை சாமி படத்துக்குக் காட்டிக்கொண்டே திரும்பினார்: "சிஸ்டர்மாரு செஞ்சா தர்மம், நான் செஞ்சா சூதா ஸ்டெல்லா?"

டீச்சரின் கொப்பி

முதல் ஆளாக வந்தவர் யாழ்ப்பாணத்து டீச்சர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், இங்கேயே தங்கிவிட்டார். "நம்பர் கூப்பிடுறது ஆர் பிள்ளை? ஆளைக் காணேல்லையே" என்றார். மிஷின் என்றேன். மறுநாள் சதுரக் கோடு போட்ட கொப்பியோடு வந்தார். எந்த நம்பர் எத்தனை தரம் வருகிறது என்று எழுதிக் களவைப் பிடிக்கப் போகிறாராம்.

மூன்று மாதம் எழுதினார். ஒரு அட்டைகூட நிறையவில்லை, கொப்பிதான் நிறைந்தது. கடைசிப் பக்கத்தைக் கூட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இன்னொரு தரம் கூட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து, யாரோ ஒட்டுக்கேட்பதுபோல் மெல்லச் சொன்னார்: "எல்லா நம்பரும் ஒரே அளவாத்தான் வருது பிள்ளை. இவ்வளவு நேர்மையா ஒண்டு நடந்தா, அதிலைதான் எனக்குச் சந்தேகம்."

செக்ரோல்

சுப்பையா ஐயா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். சந்தைக்கு வரும் நாளில் மரக்கறிப் பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு உட்காருவார். நம்பர் கூப்பிட்டதும் அட்டையில் அந்தக் கட்டம் தானாகவே கோடு விழுந்து அழிந்துவிடும். முதல் தரம் அதைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யாரு கோடு போட்டது?"

"மிஷின்தான் ஐயா. நாம கையே வைக்கத் தேவையில்ல."

"பாப்பா, காலையில வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுல பேரு கூப்புடுவோம். ஆளு முன்னுக்கு வந்து நின்னாத்தான் செக்ரோல் பதிவேட்டுல கோடு விழும், கோடு விழுந்தாத்தான் சம்பளம். அப்புடி இருந்தும் வராத ஆளுக்கு எத்தன கோடு விழுந்திருக்கு தெரியுமா?" மரக்கறிப் பையை நகர்த்திவிட்டு, "நானே போட்டிருக்கேன்" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு அட்டையைத் தாளில் பிரின்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். திரையைப் பார்த்துப் பார்த்துத் தன் பேனாவால்தான் கோடு போடுவார். மிஷின் போட்டதும் தான் போட்டதும் ஒத்துப்போனாலும் முகம் தெளியாது. "தானா கோடு விழுற எடத்துல யாரோ திங்கிறான் பாப்பா."

பையில் ஒரு தாள்

அவர் விட்டுப்போன அந்தத் தாள் ஒன்று எப்படியோ என் கைப்பைக்குள் போய்விட்டது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனேன். சோதனைச் சாவடியில் பைகளைக் கிளறிக்கொண்டிருந்த பொலிஸ் பெண், மகளின் நாப்கினுக்கும் பால் போத்தலுக்கும் நடுவிலிருந்து அதை உருவி எடுத்தாள். வரிசை வரிசையாக நம்பர். சிலவற்றின் மேல் பேனாக் கோடு. மேலே ஒரு பேர், கீழே லண்டன் என்று ஒரு சொல். இந்த யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில் அப்படியொரு தாள் இருந்தால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கொன்வென்ட் சிங்களம், இங்கிலீஷ் இரண்டும் ஒன்றாக மறந்துபோனது. மகள் மட்டும் அந்தப் பொலிஸ் பெண்ணின் தொப்பியைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"பிங்கோ" என்றேன். "விளையாட்டு" என்றேன். கோட்டைக் காட்டினேன், வாயால் நம்பர் கூப்பிட்டும் காட்டினேன். அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். வென்றாயா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். தாளை நாலாக மடித்துத் தன் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்: "நங்கி, தங்கச்சி, இது வேணாம். லொத்தர்ச் சீட்டு எடு. அதுல படமாவது இருக்கு."

ரோஸி

திரையின் ஓரத்தில் மற்ற விளையாட்டுக்காரரின் பேர்கள் ஓடும். அதில் ரோஸி என்று ஒருத்தி. எந்த நாள் போனாலும் இருப்பாள், சனிக்கிழமைப் பெரிய பரிசு அடிக்கடி அவளுக்கே விழும். நானும் டீயைக் குறைத்து மிச்சம்பிடித்த நூறு ரூபாயில் விளையாடத் தொடங்கியிருந்த நேரம். எனக்குப் பொறுக்கவில்லை. "பேரு மட்டும் வருது, ஆளு வருதான்னு பாரு. இன்னைக்கு என்ன ஆக்கினன்னு கேளு. பொய்ப் பேருக்கு அடுப்பு இருக்காது" என்று கங்காணியய்யா சொல்லிக்கொடுத்தார்.

நானும் திரையில் இங்கிலீஷில் எழுதிக் கேட்டேன். இன்று என்ன சமையல், ரோஸி? பதில் இல்லை. அடுத்த வாரமும் கேட்டேன், மீன் சாப்பிடுவீர்களா என்று. எல்லோருக்கும் வாழ்த்துகள் என்று மட்டும் வந்தது. பிடித்துவிட்டோம் என்று டீச்சரும் கங்காணியய்யாவும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கைகொட்டாத குறை. மூன்றாம் வாரம், காலைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் ரோஸியிடமிருந்து இங்கிலீஷில் ஒரு வரி வந்து விழுந்தது. டீச்சர் வாய்விட்டு மொழிபெயர்த்தார்: "நீ மெய்யான ஆள்தானா? கிழமைக்குக் கிழமை சாப்பாட்டைப் பற்றியே கேக்கிறாய்."

போயா லீவு

சிரிப்பு அதோடு நின்றது. ஒரு போயா தினம், பௌர்ணமி லீவு. பதுளையில் எல்லாக் கடையும் பூட்டு, எங்களுடையதும் பூட்டு. அன்று முழுக்க யாரோ அட்டை அட்டையாக வாங்கி விளையாடியிருக்கிறார்கள் என்று மறுநாள் லண்டன் தம்பி போனில் கத்தினார். கடைச் சாவி இரண்டு. ஒன்று முதலாளியிடம், மற்றது என்னிடம். கணக்கின் பாஸ்வேர்ட் தெரிந்ததும் எங்கள் இரண்டு பேருக்குத்தான். முதலாளி என்னைத் திட்டவில்லை. "நேத்து எங்க இருந்த?" என்றார். மகளுக்குக் காய்ச்சல், வீட்டில்தான் இருந்தேன் என்றேன். "ம்" என்றார். திட்டியிருக்கலாம். நான் அவரைச் சந்தேகப்பட்டேன், அவர் மனைவியைச் சந்தேகப்பட்டேன், டீச்சரின் கொப்பியைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

அடுத்த நாள் காலை என் சாவி பூட்டுக்குள் போகவே இல்லை. பூட்டு புதிது. மகளை வைத்துக்கொண்டு தூறலில் அரை மணித்தியாலம் நின்றேன். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலாளி வந்து திறந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை: "பழசு இறுகிப்போச்சு ஸ்டெல்லா. இதுக்குச் சாவி ஒண்ணுதான் வந்துச்சு."

பதினொரு கட்டம்

அந்த வாரம் முழுக்க மகளின் பெட்டியை நாளைக்கு எங்கே வைப்பேன் என்பதுதான் யோசனை. கங்காணியய்யா வழமைபோலத் திரையை முறைத்துக்கொண்டே, "நாம பாக்கிறப்பவே தானா கோடு போடுது. பாக்காதப்ப என்ன செய்யுமோ" என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு முன் அந்தக் கணக்கைப் புதுப்பிக்க நீளமாக ஒரு இங்கிலீஷ் படிவம் வந்தது. படித்தவள் என்று என்னிடம்தான் முதலாளி விட்டார். படிவத்தில் கட்டத்தை வெறுமையாக விடுகிறவள் சோம்பேறி என்று ஸ்கேல் கட்டையால் தட்டித் தட்டிப் பழக்கியவர் எங்கள் சிஸ்டர். இருந்த பதினொரு கட்டத்துக்கும் ஒழுங்காகச் சரி அடையாளம் போட்டேன், பெருமையோடு.

அந்தப் படிவத்தைத் தேடித் திறந்தேன். ஒன்பதாவது கட்டம்: நான் வராத, அட்டை வாங்காத நாட்களில் எனக்காக நீயே வாங்கு. பக்கத்தில் நான் போட்ட சரி. அதை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் களவு நிற்கும், ஆனால் முதலாளி கண்ணில் கள்ளி நான்தான். சொன்னால் கள்ளி இல்லை, காசைக் கரைத்த மடைச்சி. இரண்டுக்கும் வேலை போகலாம். கங்காணியய்யாவிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை: "முப்பது வருசம் வராத ஆளுக்குக் கோடு போட்டேன், ஒருத்தனும் புடிக்கல. நீ ஒரே ஒரு கோடு போட்டு மாட்டிக்கிட்டியே பாப்பா!"

கை மடியில்

அன்று யாரையும் அட்டை வாங்கவிடாமல் நிறுத்திவிட்டு, முதலாளியைக் கொம்பியூட்டர் முன் உட்காரவைத்து, கையை மடியில் வைக்கச் சொன்னேன். நானும் மகளைத் தூக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஆட்டம் தொடங்க மணி அடித்தது. மவுஸ் அசையவில்லை. திரையில் அட்டை வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்குக்கும் காசு கழிந்தது. முதலாளி ஆமிச் சுற்றிவளைப்பில் நிற்பவர்போல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

"அப்ப கள்ளன் இல்லையா?"

"அந்தக் கட்டத்துக்குச் சரி போட்டது நான்தான் முதலாளி."

நான் அந்தச் சரியை எடுத்து அவருக்குக் காட்டினேன். சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பேன் என்றார். சரி என்றேன். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, பூட்டோடு வந்த கம்பியில் இன்னும் கோர்த்தபடியே கிடந்த இரண்டு சாவியில் ஒன்றைக் கழற்றி, என்னிடம் தராமல் மகள் கையில் கொடுத்தார்: "பூட்டுக் கடைக்காரன் இப்பத்தான் மத்தச் சாவியக் குடுத்தனுப்பினான்."

அன்றிலிருந்து எந்தப் படிவம் வந்தாலும் ஒரு கட்டத்தையாவது வெறுமையாக விட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். சிஸ்டர் மன்னித்துவிடுவார், மீதி இருக்கிற அந்த மூன்றாவது சாவி யாருக்காக லாச்சியில் கிடக்கிறது என்பதுதான் இப்போது என் சந்தேகம்.